மூன்றாம் நம்பர் ரூமில் ஓசூர்க்காரர்களைத் தங்க வைக்கலாமா

செஞ்சி,
புதன்கிழமை இரவு.

ஆரணியில் இருக்கும் என் அன்புள்ள கமலாம்பாள் அத்தைக்கு, உங்கள் தம்பி பச்சமுத்துவின் சின்ன மகள் ரஞ்சனி வணக்கத்துடன் எழுதுவது.

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு சத்தியம் செய்யுங்கள். இதை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கும் வேண்டாம், அவர் சிரித்தால் தெருவே வந்து என்ன விஷயம் என்று கேட்கும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கேஸ் அடுப்பில் போட முடியாது என்றால் கிழித்து எறியுங்கள். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஓசூர்க்காரர்கள் எந்த நேரத்தில் கூப்பிடுவார்களோ என்று நைனா போனைச் சட்டைப் பையை விட்டு இறக்குவதில்லை. குளிக்கும்போதுகூட பாத்ரூம் ஜன்னலில் வைத்துக்கொண்டு குளிக்கிறார்.

ஈஸ்வரி அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முந்தின நாளே வந்து இரவு தங்க வேண்டும், அவர்களை உன் லாட்ஜில் வைப்பதா, திண்டிவனம் ரோட்டில் லிப்ட் எல்லாம் வைத்துக் கட்டியிருக்கிற புது ஹோட்டலில் வைப்பதா, நீயே யோசித்துச் சொல் என்று நைனாவிடம் கேட்டீர்கள் அல்லவா? நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். ஆனால் சந்திரோதயம் லாட்ஜுக்கு நைனா மேனேஜர்தானே தவிர, அதைக் கட்டியவரே அவர்தான் என்பதுபோல் அதன்மேல் அவருக்குப் பாசம். நானே நல்லா இருக்குதுன்னு சொன்னா அது நியாயமா இருக்காது, அதனால் நாமே ஒரு இரவு வெளியாட்கள் மாதிரி தங்கிப் பார்த்து முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாட்ஜின் பின்கட்டில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்து முன்வாசல் வழியாக நுழைந்தோம். அம்மாதான் மாப்பிள்ளையின் அம்மா. ஈஸ்வரி அக்கா மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிக் கடைசியில் மாப்பிள்ளை பிரசாந்த் ஆனாள், அதாவது கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா ராமகிருஷ்ணன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் என்பதால், கண்ணாடி போட்டிருக்கும் என்னை அவராக ஆக்கிவிட்டார்கள். நைனா மட்டும் மேனேஜராகவே இருந்தார். ரூம்களைப் பார்த்துக்கொள்ளும் வீராசாமி அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டோம். பெட்டியோடு அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வந்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டு, நைனாவின் தோளைத் தட்டி, "அதான் வந்துட்டாங்களே, மறுபடி ஒண்ணும் கேட்டுக்காத, உள்ள கூட்டிக்கினு போ" என்று சொன்னார்.

மூன்றாம் நம்பர்தான் இருப்பதிலேயே நல்ல ரூம். அதன் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, கீழே ஒரு உதை கொடுத்தால்தான் திறக்கும். மாப்பிள்ளையின் அம்மா எப்படி உதைப்பார் என்று அம்மா கேட்டதற்கு, அவர்கள் வெளியே போய் வரும்போதெல்லாம் நானே ஓடி வந்து உதைக்கிறேன் என்று நைனா சொன்னார். மின்விசிறி இருக்கிறதே, ஒன்று நிற்கும், இல்லையென்றால் புயலாக அடிக்கும், நடுவில் கிடையாது. அது அடித்த அடியில் மாப்பிள்ளையின் போர்வை ஜன்னல் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. காலிங் பெல்லை அழுத்தினால் அது ஐந்தாம் நம்பரில் அடிக்கிறது, அங்கே தங்கியிருந்த அனந்தபுரத்து மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒவ்வொரு தடவையும் எழுந்து கதவைத் திறந்து, யாருமில்லாத வராந்தாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார், பாவம், ஏதோ தெய்வம் என்று நினைத்திருப்பார். கோட்டை தெரிகிற ரூம் என்று நைனா எல்லோரிடமும் சொல்வாரே, அது உண்மைதான். பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் ராஜகிரி மலையின் உச்சி தெரிகிறது. என்னை ஏற்றிவிட்டு, "தெரியுதுங்களா சார்?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன், இறங்கும்போது விழுந்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி முழுக்க யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. படுத்தால் தலைமாட்டிலேயே கண்டக்டர் நின்று திருவண்ணாமலை, திருவண்ணாமலை என்று கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அக்கா எழுந்து உட்கார்ந்து, நான் இந்தப் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன், பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளைக் குரலில் சொன்னாள். அம்மா சிரித்துச் சிரித்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தோம் அத்தை.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. இன்னும் சிரிக்க வைக்க வேண்டும் என்று நைனாவைக் கூப்பிட்டேன். அவர் தோளில் துண்டோடு வந்து நின்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரி ஆரம்பித்தேன். "இன்னாங்க இது? குடும்பத்தோட தங்குற எடமா இது? இந்த மாதிரி எடத்துல வேல பாக்குறவரு வூட்ல பொண்ணு எடுத்தா, நாளைக்கு நாங்க நாலு பேரு முன்னாடி எப்படி தல நிமுந்து நிக்கிறது?"

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்துப் பட்டனைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். லாட்ஜுதான் பழசு. பொண்ணு நல்ல பொண்ணு சார்."

நைனா, நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஹெட்மாஸ்டர் மாதிரியே "சரி, போங்க" என்றேன். அவரும் போய்விட்டார். மறுநாள் காலையில் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "நேத்து பேசுனது அந்தாளு பேச்சா, உன் பேச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஆள் பேச்சுதான் நைனா என்றேன். பொய் அத்தை. அது முழுக்க என் பேச்சு. பள்ளிக்கூடத்தில் நைனாவுக்கு ஆபீசில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். கூடப் படிக்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பின் சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறேன். நைனாவின் முகத்தை இப்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவரோ மூன்றாம் நம்பர் கண்ணாடியில் பொட்டு சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

நிஜமான ராமகிருஷ்ணன் முன்னால் அவர் அப்படிக் கும்பிட்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் நீங்களே ஓசூர்க்காரர்களைப் புது ஹோட்டலில் தங்க வைத்துவிடுங்கள். லாட்ஜ் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நைனா உடைந்துபோவார். சம்பந்தம் முடிவாகும் முன்னால் பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். எங்கள் வீடு லாட்ஜுக்குள்தான் இருக்கிறது. வீட்டுக் குழாய்க்கும் மூன்றாம் நம்பர் குழாய்க்கும் தண்ணீர் வருவது மொட்டை மாடியில் இருக்கும் அதே டேங்கிலிருந்துதான். பல் விளக்கினாலே கை நனைத்த கணக்குதான். நீங்கள் பெரியவர்கள், வழக்கம் என்று நீங்கள் சொன்னால் நைனா மறுபேச்சுப் பேசமாட்டார்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு என் முத்தம். நீங்கள் நடந்து போகிற இடமெல்லாம் படி இல்லாமல் இருக்க மலையனூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ரஞ்சனி.

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அக்கா தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். அடிப்பாள் என்று சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "அவுங்க மூணாம் நம்பர்லயே தங்கட்டும். காலையில அவுங்க என்னப் பாக்குறதுக்கு முன்னாடி, ராத்திரி நைனாகிட்ட எப்படி பேசுறாங்கன்னு நான் பாத்துக்கிறேன். அந்தக் கதவ அவரு ஒதச்சித் தொறக்கும்போது கூட ஒரு கை குடுக்குறவனா இருந்தா, அத்தைய வுட்டு அந்தத் தண்ணி டேங்க் கதையச் சொல்லச் சொல்லு. கை நனைச்சாச்சு, இனிமே வேணாம்னு போவ முடியாதுன்னு." இல்லாவிட்டால் அவர்கள் ஏறிப் போகத் திருவண்ணாமலை பஸ் வாசலிலேயே நிற்கிறது என்கிறாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆகவே அவர்களை இங்கேயே

கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. நைனாதான். விளக்கு எரிவதைப் பார்த்திருப்பார். சொந்தப் பிள்ளைகளின் கதவையும் அவர் ஒற்றை விரலால், உள்ளே யாரோ பெரிய மனிதர்கள் தூங்குவதுபோலத்தான் தட்டுவார். அது என் பேச்சுதான் என்று இன்றைக்கே சொல்லிவிடப் போகிறேன். இல்லை, அதைச் சொல்லவே கூடாது. அக்கா தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள், அத்தை, நான்