ஒன்பதாம் பகுதியின் குரல்

திங்கட்கிழமை காலை முதல் வண்டியை அறிவித்ததுதான் தாமதம், பேருந்து நிலையம் மொத்தமும் கப்சிப் ஆகிவிட்டது.

"பயணிகளுக்கு வணக்கம். ஆஸ்பத்திரி வழியாகச் செல்லும் ஏழாம் நம்பர் வண்டி வந்துகொண்டிருக்கிறது."

இவ்வளவுதான் சொன்னார் அறிவிப்பாளர். இருபது வருஷமாகச் சொல்வதுதான். ஆனால் கண்ணாடி அறைக்கு வெளியே இருந்த பெண்மணி ஒருத்தியின் கையிலிருந்த பிஸ்கட் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. ஒரு பெஞ்சில் யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் பெஞ்சையே விட்டுவிட்டார்கள். எல்லாத் தலைகளும் ஒலிபெருக்கியைப் பார்த்தன. பிறகு கண்ணாடி அறையைப் பார்த்தன. பிறகு அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

அறிவிப்பாளர் மைக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

காரணம் முந்தின நாள் டிவியில் ஒளிபரப்பான தொடர். வரிசையாகக் கொலை செய்யும் ஒருவனைப் பற்றிய கதை. எட்டு பகுதிகளாக அவனுடைய கையுறையை மட்டும்தான் காட்டினார்கள். ஒன்பதாம் பகுதியில் முதல்முறையாக அவன் பேசினான். தனியாக இருக்கும் ஒருத்தியின் வீட்டில் போன் அடிக்கிறது. அவள் எடுக்கிறாள்.

"வணக்கம். பயப்படாதீங்க. கதவைத் திறந்தே வைங்க. நான் வந்துகொண்டிருக்கிறேன்."

அத்தோடு பகுதி முடிந்தது, ஊருக்குத் தூக்கமும் போனது. மேல்வீட்டுக்காரர் பீரோவை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் போன் ஒயரையே பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அறிவிப்பாளரின் மனைவிக்கு அவள் அக்கா போன் செய்தபோது, எடுக்க ஆளில்லாமல் அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

அந்தக் குரல் அறிவிப்பாளருடையது.

பல வருஷமாக ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு நடையாய் நடந்தவர் அவர். கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒருவராக "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்துவதுதான். ஒருமுறை மயக்கத்தில் இருப்பவருக்கு முனகினார். அந்தப் படத்திலும் முனகலை வெட்டிவிட்டார்கள். இப்போதுதான் முதல்முறையாக நாலு வாக்கியம் முழுசாகக் கொடுத்தார்கள். பேசி முடித்ததும் இயக்குநர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, "அந்த 'வந்துகொண்டிருக்கிறேன்'ல ஒரு அன்பு இருக்கு சார். அதுதான் குலை நடுங்குது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அது அன்பு இல்லை, தொழில் பழக்கம் என்று அறிவிப்பாளர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் இயக்குநர் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"டிவிக்காரங்க ஒரு போட்டி வைக்கிறாங்க சார், விதியை ஒன்பதாம் பகுதி முடிஞ்சதும் டிவியிலயே சொல்வாங்க. இந்தக் குரல் யாரோடதுன்னு யாராவது கண்டுபிடிச்சு எழுதிட்டா, கடைசிப் பகுதி முடிஞ்சதும் அவங்க பேரும் போட்டோவும் போடுவாங்க. யாருமே கண்டுபிடிக்கலைன்னா உங்க பேரு, முழுத்திரையில, தனியா. அதனால வாயைத் திறக்காதீங்க. வீட்லகூட."

முழுத்திரையில் தன் பெயர். அறிவிப்பாளர் அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றே பார்க்கவில்லை.

தன்னை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தினமும் கண்ணால் பார்ப்பதுதானே. அவர் தொண்டை கிழிய ஒரு வண்டியை அறிவிப்பார். அறிவித்து முடித்த அடுத்த நொடி, பயணிகள் பக்கத்தில் இருப்பவரிடம் "இது எங்க போற பஸ்ஸுங்க?" என்று கேட்பார்கள். காது கொடுத்துக் கேட்காதவர்களுக்குக் குரல் மட்டும் எப்படித் தெரியும்? இந்தத் தைரியத்தில்தான் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தத் திங்கட்கிழமை அமைதி அவருடைய கணக்கில் இல்லை.

பெட்டிக்கடை நடத்தும் அம்மாள் டீயோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"மைக் அண்ணே, நேத்து அந்தத் தொடர் பாத்தீங்களா?"

"எந்தத் தொடர்?" என்றார் அறிவிப்பாளர். பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. வந்ததும் ஒரு யோசனையும் வந்தது. அதே கீச்சுக் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தொண்டைக்கு என்னாச்சு?"

"தண்ணி மாறிப்போச்சும்மா."

இருபது வருஷமாக ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறவர் அவர். அந்த அம்மாள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு, "ஆமா, ஆமா, தண்ணி மாறினா அப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் கீச்சுக் குரலிலேயே அறிவிப்பு நடந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. சிலர் மட்டும் கைக்குட்டையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இன்னும் நேற்றைய பயம் போகவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

கீச்சுக் குரலில் ஒரு சிக்கல். பாதி வாக்கியத்துக்கு மேல் அது தாங்கவில்லை. "பதினோராம் நம்பர் வண்டி..." என்பது வரை எலிக்குஞ்சாக இருக்கும். "வந்துகொண்டிருக்கிறது" என்னும்போது பழக்கதோஷத்தில் அசல் குரல் வெளியே குதித்துவிடும். ஒவ்வொரு முறையும் கையால் மைக்கைப் பொத்தினார். வண்டி வருகிறதா போகிறதா என்பது அவரோடு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் வேறு வழி கண்டுபிடித்தார். ஆபத்தே 'வந்துகொண்டிருக்கிறது' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் தீர்ந்தது. ஆகவே வண்டி வந்து, நின்று, கிளம்பி, வாசலைத் தாண்டும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, கம்மிய குரலில், "ஏழாம் நம்பர் வண்டி போய்விட்டது" என்று அறிவித்தார்.

மத்தியானத்துக்குள் ஆறு வண்டிகள் காலியாகப் போயின. பயணிகள் ஒவ்வொரு அறிவிப்பையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, போன வண்டியின் புகையைப் பார்த்தார்கள்.

ஏழாம் நம்பர் ஓட்டுநர் அறைக்கே வந்துவிட்டார். "என்ன மைக் அண்ணே, நான் போனப்புறம் எதுக்கு என்னைப் பத்திப் பேசுறீங்க?"

அறிவிப்பாளர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். ஓட்டுநர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

புதன்கிழமை அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நடைமேடை பெருக்கும் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி மைக் முன்னால் உட்காரவைத்தார். சைகையால் மைக்கைக் காட்டினார், வண்டிகளைக் காட்டினார், வாயைக் காட்டினார். அக்காவுக்கு மைக் என்றால் கொள்ளை ஆசை போலிருக்கிறது. பொத்தானை அமுக்கி ஒரே போடாகப் போட்டாள்.

"ஏய், அந்தப் பச்சை பஸ்ஸு கிளம்புது! ஏறுறவங்க ஏறுங்க! அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது!"

அந்த நிலையத்தில் எல்லா வண்டியும் பச்சை.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மரக்கடையில் இறங்கினார்கள். மரக்கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் இறங்கினார்கள். கோர்ட்டுக்குப் போகவேண்டிய வக்கீல் ஒருவர் கறுப்புக் கோட்டும் கட்டுக் காகிதமுமாகக் கடற்கரையில் இறங்கினார். வியாழக்கிழமையும் அதே கூத்துதான். வக்கீல் மறுபடியும் கடற்கரைக்குத்தான் போனார். திரும்பி வரும்போது காலணியிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே, கண்ணாடி அறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு அறிவிப்பாளரைக் கொன்றே விட்டது.

வெள்ளிக்கிழமை நிலைய மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டுங்க. இந்த வாரம் எத்தனை பேர் தப்பு இடத்துக்குப் போயிருக்காங்க தெரியுமா?"

அறிவிப்பாளர் தெரியாது என்று தலையாட்டினார்.

"எனக்கும் தெரியாது. ஏன்னா ஒரு புகார்கூட வரல. பெட்டியைத் திறந்து பாத்தேன். உள்ள ஒரு பிஸ்கட் கவர்தான் இருந்துச்சு. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

மேலாளர் விட்டத்தைப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பி உப்பி அடங்கின. கோபத்தை அடக்குகிறார் என்று அறிவிப்பாளருக்குப் புரிந்தது.

"நாளைலேருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் மைக் பக்கமே வராதீங்க. வீட்ல இருங்க. மத்ததைத் திங்கட்கிழமை பேசிக்கலாம்."

திங்கட்கிழமை என்ன பேசுவார் என்பது தெரிந்த கதைதானே. அறிவிப்பாளர் தளர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். வேலை போனாலும் போகட்டும், பெயர் வரட்டும் என்று மனசை ஆற்றிக்கொண்டார். ஆறவில்லை.

வீட்டிலும் அந்த வாரம் ஊமை வேஷம்தான். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மாலை அவர் வாசல்படியை மிதித்தபோதே, "தொண்டை கட்டியிருக்கும், பேசாதீங்க" என்று சொல்லிச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இவர் வாயைத் திறந்தாலே "உஸ்" என்பாள். இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் உருகிப்போனார்.

சனிக்கிழமை அவள் அக்கா போன் செய்தாள். அறிவிப்பாளர் கூடத்தில் இருந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"அந்தக் குரலாக்கா? எனக்கென்ன தெரியும்? யாரோ வெளியூர்க்காரனா இருப்பான்" என்றாள் மனைவி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "சத்தியமா நான் ஜென்மத்துல கேட்டதே இல்ல."

அவருக்கு உயிர் வந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் புருஷன் குரல் தெரியவில்லையே! கலைஞனாக ஜெயித்துவிட்டோம், கணவனாகத் தோற்றுவிட்டோம் என்று அன்று வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அழுகைகூட வந்தது. சத்தம் வெளியே வரக்கூடாது என்பதால் அதையும் விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. கடைசிப் பகுதியைப் பஸ் ஸ்டாண்டு டிவியில பாக்கலாம்."

அறிவிப்பாளர் நம் வீட்டு டிவிக்கு என்ன என்று கையால் கேட்டார்.

"எனக்கு இங்க தனியாப் பாக்க பயமா இருக்கு" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். கூடவே இருக்கிற தன்னை அவள் ஆளாகவே எண்ணவில்லை என்பதையும் அவர் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பயணிகள் கூடத்தில் நிற்க இடமில்லை. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மேலாளர், பெட்டிக்கடை அம்மாள், பெருக்கும் அக்கா, கோட்டில்லாமல் வந்திருந்த வக்கீல். வண்டி ஏற வந்தவர்களும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் மட்டும் காலியாக இருந்தன. மனைவி அவரை அதில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

தொடர் ஓடியது. கொலைகாரன் கடைசியில், அவனைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ்காரரின் சொந்த மைத்துனன் என்று தெரியவந்தது. கூடம் "அடப்பாவி!" என்று ஒரே குரலில் கத்தியது. "நான் மூணாம் பகுதியிலேயே சொன்னேன்" என்றார் ஒரு நடத்துநர். "நீங்க தோட்டக்காரன்னு சொன்னீங்க" என்றார் இன்னொரு நடத்துநர். அறிவிப்பாளருக்கு எதுவும் காதில் விழவில்லை.

திரை கறுப்பானது. பிறகு எழுத்துகள் வந்தன.

'இந்தக் குரலை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.'

அதற்குக் கீழே அவர் பெயர். இனிஷியலோடு, எழுத்துப் பிழை இல்லாமல், முழுத்திரையில், தனியாக.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அறிவிப்பாளரின் கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நாற்காலியின்மேல் ஏறி நின்றார். ஒரு வாரம் அடைத்துவைத்திருந்த குரல் மடை திறந்த மாதிரி வெளியே வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்! ஆமாம், அது நான்தான்! ஒரு வாரம் உங்க நடுவுலயே இருந்தேன். குரலை மாத்தினேன், ஊமையா நடிச்சேன். என் பொண்டாட்டியே கண்டுபிடிக்கல! ஒருத்தருக்கும், ஒரே ஒருத்தருக்கும், சின்ன சந்தேகம்கூட வரல பாத்தீங்களா? அதுக்குப் பேருதான் நடிப்பு! உங்களையெல்லாம் தப்பு பஸ்ல ஏத்திவிட்டதுக்கு மட்டும் மன்னிச்சிடுங்க!"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வக்கீல்தான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"சார், இருபது வருஷமா உங்க குரலைக் கேட்டு பஸ் ஏறுறவங்க நாங்க. உங்க பேரு வரணுமேன்னுதான், கோர்ட்டு எந்தப் பக்கம்னு தெரிஞ்சே நான் ரெண்டு நாளும் கடற்கரைக்குப் போயிட்டு வந்தேன்!"