போரை முடிக்க அனுமதி கோரி

பள்ளி மாணவர்கள் முதல் உலகப் போரின் வரலாற்றை அறிந்துகொள்ள உதவும் பயனுள்ள இணையதளங்களைப் பட்டியலிட்டு, மாத இறுதிக்குள் சமர்ப்பிக்குமாறு நூலகத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கைகளுக்குத் தண்ணீரின் குணம் உண்டு. மேலே எங்கும் தங்காது. இதுவும் நாலு மேசைகளைக் கடந்து, கதவுக்குப் பின்னால் இருந்த ஐந்தாவது மேசைக்கு வந்து தேங்கியது. அந்த மேசைக்காரிக்கு அலுவலகத்தில் ‘டெம்பரரி’ என்று பெயர். ஆறு வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அவள் நாற்காலியை இடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

“இந்தப் பட்டியல் ஒழுங்கா முடிஞ்சா, உன் பேரை நிரந்தரத்துக்குச் சிபாரிசு பண்றேன்,” என்றார் கண்காணிப்பாளர். “முடியலைன்னா முப்பதாம் தேதியோட உன் ஒப்பந்தம் முடிஞ்சிடும். ஞாபகம் இருக்கட்டும்.”

டெம்பரரி மூன்று வாரம் கண் எரியத் தேடினாள். பதினெட்டு தளங்கள் கிடைத்தன. போர்முனை மாதாமாதம் நகர்வதைக் காட்டும் வரைபடங்கள், அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள், வயதான பிறகு பேசிப் பதிவான சிப்பாய்களின் குரல்கள். ஒரு காப்பகத்தில் வெறும் கடிதங்கள். ‘இங்கே எல்லாம் நலம். ஈரம் மட்டும் அதிகம். இரண்டு ஜோடி காலுறை அனுப்பு’ என்று ஒருவன் அக்காவுக்கு எழுதியிருந்தான். அதைப் படித்த அன்று அவள் மத்தியானம் சாப்பிட மறந்துபோனாள்.

கண்காணிப்பாளர் பட்டியலைப் புரட்டினார். “படிவம் ஏழு எங்கே?”

படிவம் ஏழு, வாசிப்பறைகளுக்கு அங்கீகாரம் வழங்குவதற்கானது. கட்டடத்தின் பரப்பளவு, ஜன்னல்களின் எண்ணிக்கை, குடிநீர், கழிப்பறை, தீயணைப்பு வசதி என்று இருபத்திரண்டு கட்டங்கள். அங்கீகாரத்துக்கென்று துறையில் வேறு படிவம் கிடையாது.

“சார், இதெல்லாம் இணையதளம்.”

“மாணவர்கள் வந்து படிக்கிற இடந்தானே? இந்தக் கடிதமெல்லாம் வச்சிருக்காங்களே, அது எந்தத் தெருவுல இருக்கு?”

“தெருன்னு இல்லைங்க சார். அவங்கவங்க வீட்டுல உட்கார்ந்தே படிச்சுக்கலாம்.”

“அப்ப அவங்கவங்க வீட்டுக் கழிப்பறையைப் போய்ப் பார்த்துட்டு வந்தியா?”

பார்க்கவில்லை என்பதை அவள் ஒப்புக்கொண்டாள். பதினெட்டு தளங்களும் போதிய கழிப்பறை வசதி இன்மையால் நிராகரிக்கப்பட்டன.

முப்பதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்தான். கவலையில் பல்லைக் கடித்துக் கடித்து, அடைத்து வைத்திருந்த கடைவாய்ப் பல் பெயர்ந்தது. பல் டாக்டரிடம் ஓடினாள். டாக்டருக்கு முதல் உலகப் போர் என்றால் உயிர். நோயாளியின் வாய் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து அதைப் பற்றிப் பேசுவார். அதனால் இதுவரை யாரும் அவரை மறுத்துப் பேசியதில்லை. அதைப் பற்றி ஓர் இணையதளமும் வைத்திருந்தார். கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து அவரே எழுதுவது.

டெம்பரரி வாயில் பஞ்சோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் நாலு. குடிநீர் இருந்தது. தீயணைக்கும் சிலிண்டர் சுவரில் தொங்கியது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கழிப்பறை இரண்டு.

பஞ்சை எடுத்ததும் கேட்டாள். “டாக்டர், உங்க தளத்துல போர் முழுசா இருக்கா?”

“தொள்ளாயிரத்துப் பதினாறு வரைக்கும் இருக்கும்மா. அது வரைக்கும் எழுதினப்ப பேத்தி பிறந்தா. தூக்கி வச்சுக்கவே நேரம் சரியா இருக்கு. போர் அப்படியே நிக்குது.”

படிவத்தில் ‘இதர விவரங்கள்’ என்ற அரைவரிக் கட்டத்தில் அவள் மனசாட்சிக்காக ‘போர் 1916 வரை மட்டும்’ என்று எழுதினாள். கண்காணிப்பாளர் கழிப்பறைக் கட்டத்தைப் பார்த்ததுமே முத்திரை குத்திவிட்டார்.

“சார், பட்டியல்னு சொன்னாங்க. ஒண்ணுதானே இருக்கு?”

“ஒண்ணுன்னு எண் போட்டிருக்கியே. பட்டியல்தான்.”

சிபாரிசு மேலிடத்துக்குப் போயிற்று. நிரந்தரமாவதற்குத் துறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. கூடவே பள்ளிகளுக்கு ஓர் ஆணையும் போயிற்று: மேற்படி போர் குறித்த கற்பித்தலும் தேர்வுகளும் அங்கீகரிக்கப்பட்ட ஆதாரத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு அமைதல் வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மகள் விடைத்தாளோடு வந்து நின்றாள்.

“சித்தி, போர் 1918ல முடிஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“தப்பாம். ‘இன்னும் முடியவில்லை’ன்னு எழுதினவங்களுக்குத்தான் முழு மார்க். ‘தெரியாது’ன்னு எழுதினவளுக்கே பாதி போட்டிருக்காங்க.”

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “போரை முடிச்சு வைக்கச் சொல்லி உன்னை யாருடி கேட்டது?”

விஷயம் பல் டாக்டர் காதுக்கும் எட்டியது. பாவம், நல்ல மனுஷர். பேத்தியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, பத்தே நாளில் மிச்ச இரண்டு வருடத்தையும் எழுதி முடித்து, அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“சேர்த்துடட்டுமா சார்?”

“முடியாதுங்க,” என்றார் கண்காணிப்பாளர். “விதி பதினொண்ணு. அங்கீகாரம் வாங்கின இடத்துல மூணு வருஷத்துக்கு எதையும் சேர்க்கக்கூடாது, இடிக்கக்கூடாது.”

“நான் அறை எதுவும் கட்டலையே. ரெண்டு வருஷம்தான் சேர்க்கிறேன்.”

“ரெண்டு வருஷம்னா எத்தனை சதுர அடி?”

டாக்டர் வாயைத் திறந்தார். தன் வாய் திறந்திருக்கும்போது எதிராளி பேசுவது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

கண்காணிப்பாளருக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. “விதிவிலக்கு கேட்டு எழுதிக் கொடுங்க,” என்றார். டாக்டர் ‘போரை முடிக்க அனுமதி கோரி’ என்று பொருள் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதினார். அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: போர் முடிவதால் பாதிக்கப்படுவோர் யாரேனும் இருப்பின், முப்பது நாட்களுக்குள் தங்கள் ஆட்சேபங்களை எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அறுபத்தொரு ஆட்சேபங்கள் வந்தன. ஒன்று, ஐயாயிரம் கையேடுகளில் ‘இன்னும் முடியவில்லை’ என்று அச்சடித்துவிட்ட அச்சகத்துக்காரருடையது. மற்றவை, அந்த விடையை எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்தவை. கடைசிக் கடிதத்தின் கையெழுத்தை டெம்பரரி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். அக்கா மகள் மறுதேர்வில் முழு மார்க் வாங்கியிருந்தாள்.

“அக்கா, நீயுமா?”

“இப்பத்தான் அவ முதல் ரேங்க் வந்திருக்கா. மூணு வருஷம் நடந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன வந்துச்சு?”

துறைத் தேர்வில், துறையின் சாதனைகளைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. அது நாற்பதாவதாக வந்தது. முதல் உலகப் போர் முடிந்த ஆண்டு எது? 1916, 1918, 1919, இன்னும் முடியவில்லை. டெம்பரரி பேனாவை மூடித் திறந்தாள். ஈரத்தில் நின்றுகொண்டு காலுறை கேட்டவனை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டாள். பிறகு அவனை அங்கேயே நிற்கவிட்டு, நாலாவது விடைக்கு டிக் அடித்தாள்.

நூற்றுக்கு நூறு. நிரந்தர ஆணை வந்தது, ஜன்னலோரமாக மேசையும் வந்தது.

புது மேசைக்கு வந்த முதல் கோப்பில் ஒரு பள்ளியின் கடிதம் இருந்தது. அடுத்த பாடம் இரண்டாம் உலகப் போர். அதற்கும் ஒரு பட்டியல் தந்து உதவ வேண்டும். கண்காணிப்பாளர் பதில் சொல்லி எழுதவைப்பதற்காக வந்தார். அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள்: ‘முதல் உலகப் போர் ஆட்சேபங்களின் பேரில் நிலுவையில் உள்ளதால், இரண்டாம் உலகப் போரைத் தற்போது தொடங்க இயலாத நிலை உள்ளது.’

அவர் இரண்டு தரம் படித்தார். “யாரும் சொல்லித் தராமலா எழுதினே?”

“ஆமாம் சார்.”

அடியில் கையெழுத்துப் போட்டார்.

கோப்பை எடுத்துக்கொண்டு அவள் கதவை இழுத்தாள். கதவு எதிலோ போய் இடித்தது. பின்னால் இருந்த பழைய மேசையில், காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோம்மா,” என்றாள் இவள், திரும்பிப் பார்க்காமல்.