தற்காலிகமாக ஒரு ஃப்ரிட்ஜ்

"ஃப்ரிட்ஜ் வாங்கினா இங்கேயே குடியேறிட்டோம்னு அர்த்தம்" என்றாள் பெர்மெட்.

"வாங்கலைன்னா பால் திரிஞ்சு போகும்னு அர்த்தம்" என்றான் லாய்ட்.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் பனி உருகத் தொடங்கியிருந்தது. குளிர்காலம் முழுக்கக் கறியும் வெண்ணெயும் பால்கனியில்தான் கிடந்தன. இனி அது நடக்காது.

லாய்ட் நெப்ராஸ்காக்காரன். அவனைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போன பெர்மெட்டுக்கு, இரண்டே வருஷம் செல்லும் கிரீன் கார்டு ஒன்றைக் கொடுத்தார்கள். நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் நிபந்தனை உண்டு. கெடு முடிவதற்குள் கல்யாணம் நிஜம்தான் என்று இருவரும் சேர்ந்து நிரூபிக்க வேண்டும். அப்போது பார்த்து லாய்டுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. அதுவும் பிஷ்கேக்கில், ஒரு வருஷத்துக்கு! அம்மா வீட்டில் அழுது விடைபெற்ற கண்ணீர் காய்வதற்குள் பெர்மெட் அதே ஊருக்குத் திரும்பி வந்தாள்.

நெப்ராஸ்காவில் அவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கார்டு போனால் படிப்பும் போயிற்று.

"தற்காலிகமாத்தான் வெளிநாட்டுல இருக்கீங்கன்னு பாத்தாலே தெரியணும், இல்லேன்னா கார்டு போயிடும்" என்று போனில் எச்சரித்திருந்தார் அமெரிக்க வக்கீல். "சில சமயம் வீட்டுக்கே வந்து பாப்பாங்க."

அன்றிலிருந்து அவள் திரைச்சீலைகூட வாங்கவில்லை. சூட்கேஸின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். லாய்டுக்கோ இந்த ஊர் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமையானால் மச்சினர்களோடு மலைக்குப் போய்க் குதிரை ஏறிவிட்டு, சாணி வாசனையோடு சந்தோஷமாகத் திரும்புவான்.

மறுவாரம் வக்கீல் மறுபடி கூப்பிட்டார். "கல்யாணத்துக்கு ஆதாரம் சேக்கறீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின சாமான் ஏதாவது?"

"எதையும் வாங்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"அது குடியிருப்புக்கு. இது கல்யாணத்துக்கு."

பெர்மெட் ஓடிப்போய் இரண்டு பேர் பெயரிலும் ரசீது போட்டு ஃப்ரிட்ஜ் வாங்கினாள். அது கூடத்தில் வந்து நின்றதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எத்தனை பெரிசு! பத்து வருஷம் உழைக்கும் என்று கடைக்காரன் வேறு சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே அக்கா சைராகுலைக் கூப்பிட்டாள்.

"ஃப்ரிட்ஜை உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுக்கா."

"ஏண்டி?"

"கேக்காதே. எடுத்துட்டுப் போ."

அக்கா கேட்கவில்லை; ஆள் வைத்து எடுத்துப் போனாள். கேட்காததால் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள். தங்கை சாமான்களைப் பிரிக்கிறாள், மாப்பிள்ளை அவளைக் கைவிடப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் மொத்தமும் ஓர் ஆட்டோடு வந்து இறங்கியது. பெரிய மாமா லாய்டைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளே, எங்க பொண்ணுகிட்ட என்ன குறை? மறைக்காம சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்ல மாமா. அந்த ஆட்டு வால் கொழுப்பு இன்னும் கொஞ்சம் போடுங்க."

"வீட்டுல ஒரு விரிப்புகூட இல்லையே! இப்படி வச்சிருந்தா எந்தப் புருஷன் தங்குவான்?" என்று பெரியம்மா பெர்மெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே கம்பள விரிப்புகள் வந்தன. அலமாரி வந்தது. சித்தி ஒரு தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது யாருக்கு?"

"வரும்போது தெரியும். முதல்ல இடம் ஒதுக்கு."

மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு மாதிரி ஆகிவிட்டது. பெர்மெட்டுக்குத் தூக்கம் போயிற்று.

வியாழக்கிழமை லாய்ட் கல்லூரியிலிருந்து போன் செய்தான். "பெர்மெட், நிரந்தரக் குடியிருப்பு ஆபீஸ்லேர்ந்து இன்னைக்கு வீட்டைப் பாக்க வராங்க. நான் முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். அது என்னன்னா..."

பெர்மெட் போனை வைத்துவிட்டாள். விளக்கம் கேட்க நேரம் ஏது?

"அக்கா! எல்லாரையும் கூட்டிட்டு ஓடி வா!"

விரிப்புகள் சுருண்டன. அலமாரி மாடிப்படியில் சிக்கி, திட்டு வாங்கி, இறங்கியது. தொட்டில் எதிர்வீட்டுக்குப் போயிற்று. சுவரில் இருந்த கல்யாணப் படத்தையும் அவள் விடவில்லை. அதில் லாய்ட் கிர்கிஸ்காரர்களின் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு இளித்துக்கொண்டிருந்தான். எந்த ஊர் தொப்பி என்று யாருக்குத் தெரியாது? அவன் சட்டைகளை எல்லாம் சூட்கேஸில் அடைத்து, இரண்டு பெட்டிகளையும் வாசலைப் பார்த்து நிறுத்தினாள்.

மணி அடித்தது.

வாசலில் நடுவயதுப் பெண்மணி ஒருத்தி நின்றாள், கிர்கிஸ்காரிதான். அவளுக்குப் பின்னால் லாய்ட், முகமெல்லாம் வேர்வை. அமெரிக்கர்கள் உள்ளூர் ஆளையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டாள் பெர்மெட்.

"வாங்க வாங்க! நல்லா பாத்துக்குங்க. நாங்க இங்கே தங்கறதாவே இல்ல."

"பெர்மெட்..." என்றான் லாய்ட்.

"நீ சும்மா இரு. எந்த நிமிஷமும் கிளம்பிடுவோம், மேடம். இந்த ஊர்ல எங்களுக்கு ஒண்ணுமே கிடையாது!"

லாய்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

வந்தவள் வெறும் சுவரைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். லாய்டை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெர்மெட்டின் கையைப் பிடித்து மெதுவாகச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனாள்.

"நான் நம்ம ஜில்லா குடியிருப்பு ஆபீஸ்லேர்ந்து வரேன்மா. பொண்டாட்டி ஊர்லயே நிரந்தரமா இருந்துக்கறேன்னு உன் வீட்டுக்காரர் எங்ககிட்ட மனு போட்டிருக்கார். பயப்படாம உண்மையைச் சொல்லு. நம்ம ஊர்ல தங்கறதுக்காகத்தான் இந்த அமெரிக்காக்காரன் உன்னைக் கட்டிக்கிட்டானா?"