வடக்குப் பக்கம் கோமதியம்மா

பார்க்காத ஒன்றைப் பற்றி ஆறு பக்கம் எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பார்த்துவிட்டால்தான் பேனா தயங்கும். இருபத்து நாலாவது வயதில் நான் அப்படி ஆறு பக்கம் எழுதினேன். அதுவும் இங்கிலீஷில் எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

அப்போது சென்னையில் இஞ்சினீரிங் பட்டம் வாங்கிவிட்டு வந்து, பொதுமராமத்து இலாகாவில் ஓவர்சீராக இருந்தேன். ராதாபுரம் பக்கத்து ரோடுகளில் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டுவது என் வேலை. (பாலம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் அடியில் ஓடும். அந்தப் பக்கம் மழை பெய்வதில்லை.) எனக்கோ மாளிகையும் மண்டபமும் எழுப்ப ஆசை. இந்த வேலையிலேயே இருந்தால் ஓடாத தண்ணீருக்குப் பாலம் கட்டியே தலை நரைத்துவிடும் என்ற பயம் ராத்தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த நேரத்தில்தான் பம்பாய்ப் பக்கம் ஒரு கலாசாலையில் பட்டதாரிகளுக்குக் கட்டடக்கலை மேற்படிப்பு இருப்பதாகத் தெரிந்தது. விண்ணப்பத்தோடு ஒரு படம் அனுப்ப வேண்டும். ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாத கட்டடம் ஒன்றை விண்ணப்பதாரரே அளந்து வரைந்த படம். ‘நானே அளந்தேன்’ என்று கையெழுத்தும் போட வேண்டும்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன் நான். எங்கள் சபைக் கட்டடங்களில் மூத்ததற்குக்கூட நூறு வயது ஆகவில்லை. ஐந்நூறு வருஷம் என்றால் கோயில்தான். கோயிலுக்குள் நான் போக முடியாது. கிறிஸ்தவன் என்பது ஒரு காரணம். கிறிஸ்தவனாவதற்கு முன்பும் எங்கள் ஆட்களை உள்ளே விட்டதில்லை என்பது இன்னொரு காரணம். கோயில் மதிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நாங்கள் நடப்பதையே அந்நாளில் யாரும் ரசிக்கவில்லை.

தாமிரபரணியின் தென்கரையில் ஓர் ஊர்க் கோயில்மேல் எனக்குக் கண். ரோட்டிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும், உள்ளே கொடிமரத்தின் நுனி தெரியும். அவ்வளவுதான் நான் கண்டது. அந்த ஊர்க்காரர், எங்கள் ஆபீஸில் தபால் பதியும் குமாஸ்தா நெல்லையப்ப பிள்ளை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் போய், டேப் தருகிறேன், பிரகாரத்தை அளந்து தாருங்கள் என்று கேட்டேன்.

“டேப்பா? நல்லா இருக்கு வே” என்றார். “அதக் கொண்டுக்கிட்டு உள்ள போனா, சர்க்கார் கோயில் நிலத்த எடுக்கப் போகுதுன்னு ஸ்ரீகாரியம் ஊரக் கூட்டிருவாரு. நான் அடிப்பிரதட்சிணம் பண்ணுதேன். ஒரு பய சந்தேகப்பட மாட்டான்.”

ஸ்ரீகாரியம் என்பவர் கோயில் நிர்வாகி. அடிப்பிரதட்சிணம் என்பது நேர்த்திக்கடன். ஒரு பாதத்தின் பெருவிரலோடு அடுத்த பாதத்தின் குதிகால் ஒட்டும்படி வைத்து வைத்தே பிரகாரத்தைச் சுற்றி வர வேண்டும். பிள்ளைவாள் அப்படி நடந்து எண்ணுவது, நான் அவர் பாதத்தை அளந்து பெருக்கிக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. ஆபீஸ் மேஜைமேல் அவர் காலைத் தூக்கி வைக்க, நான் அளவுகோல் பிடித்தேன். பத்தேகால் அங்குலம். எத்தனை சாஸ்திரீயமான முறை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பங்குனி மாதம் ஒரு நாள் மத்தியானம் நடந்து முடித்து, மறுநாள் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தார். கிழக்கும் மேற்கும் பொருந்தி வந்தன. தெற்குப் பக்கம் இருநூற்று நாற்பது பாதம். வடக்குப் பக்கம் இருநூற்று எண்பத்தொன்பது.

பெருக்கிப் பார்த்தேன். தெற்கைவிட வடக்கு நாற்பத்திரண்டு அடி நீளம். மூளையுள்ளவன் உடனே பிள்ளைவாளைக் கூப்பிட்டு விசாரித்திருப்பான். நான் பட்டதாரி, யோசித்தேன். ஒன்று, அளவு தப்பாக இருக்க வேண்டும். அல்லது, கட்டியவன் வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்க வேண்டும். அளவு தப்பாக இருக்க முடியாது, ஏனென்றால் நானே அளந்ததாகக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆகவே கட்டியவன் வேண்டுமென்றே செய்ததுதான்.

எதற்காகச் செய்தான்? வடக்கே ஆறு இருக்கிறது. ஆற்றைக் கண்டதும் கட்டடம் மலர்கிறது, இது தாமிரபரணிக் கரைச் சிற்பிகள் மட்டுமே அறிந்த ரகசியம் என்று ஆறு பக்கம் தீட்டி, கோணல் படத்தோடு தபாலில் சேர்த்தேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கலாசாலையின் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரத் துரை. என் கருத்து மிகவும் புதியது என்றும், தென்பகுதிக்கு வரும்போது என்னோடு சேர்ந்து அந்தக் கோயிலைப் பார்க்க விரும்புவதாகவும், இடம் தருவதை அப்போதே முடிவு செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்.

அப்பா அந்தக் கடிதத்தை வாங்கிப் போய் ஆராதனை முடிந்ததும் சபையில் வாசித்துவிட்டார். உபதேசியார் ஸ்தோத்திர ஜெபமே செய்துவிட்டார். “ஏலே, தொர ஒன்னத் தேடில்லா வாராரு” என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அளவு தப்பு என்ற பயம் எனக்கு அப்போதும் இல்லை. உள்ளே போனால்தானே காட்ட முடியும் என்ற பயம்தான்.

துரை வந்தார். குதிரை வண்டியில் போனோம். துணைக்குப் பிள்ளைவாளையும் அழைத்துக்கொண்டேன். கோபுர வாசலில் ஸ்ரீகாரியம் காத்திருந்தார்.

“தொர செருப்பக் கழத்திட்டுக் கொடிமரம் வரைக்கும் வரலாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “ஓவர்சீர் அங்கனயே நிக்கட்டும்.”

துரை நாலடி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தார். “ஏன் நிற்கிறீர்? வந்து காட்டும்” என்று இங்கிலீஷில் சொன்னார்.

“நான் உள்ளே போனதில்லை, ஸார்.”

எங்கிருந்தோ கப்பலேறி வந்தவர் கொடிமரம் வரை போகலாம். எட்டு மைலுக்கு அப்பால் பிறந்த நான் வாசலோடு சரி. அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் குட்டு உடைந்ததே என்ற வெட்கம்தான் வந்தது. கோபம் வருவதற்குப் பல வருஷம் ஆயிற்று, வந்த பிறகு இன்னும் போகவில்லை.

“அப்படியானால் யார் அளந்தது?” என்றார் துரை.

பிள்ளைவாள் முன்னால் வந்து கும்பிட்டார். தபால் பதிவதெல்லாம் இங்கிலீஷில்தான், ஆனால் துரைகளைக் கண்டால் அவருக்கு அந்தப் பாஷை மறந்துவிடும். ஆகவே அவர் தமிழில் சொல்வதை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. (தன் தூக்குத் தண்டனையைத் தானே வாசிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?)

“மூணு பக்கம் நான் நடந்தேன். வடக்குப் பக்கம் திரும்பயில கல்லு சுட்டுக் குதிகால் வெடிச்சிட்டு. நேர்த்திய பாதியில விடப்படாதுல்லா? அதனால மிச்சத்த வீட்டுல நடந்து முடிச்சா. நான் ஓரமா இருந்து எண்ணினேன்.”

“வீட்டுல யாரு?” என்றேன். எனக்கே அது புதுச் செய்தி.

“கோமதிதான். வேற யாரு?”

பிள்ளைவாளின் மனைவி கோமதியம்மா குள்ளமான பெண்மணி, பாதமும் சின்னது. இருநூற்று எண்பத்தொன்பது என்ற எண் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. மொழிபெயர்க்க மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டேன்.

துரை சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். துரை கையில் டேப்பைக் கண்ட ஸ்ரீகாரியம் நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளைவாளும் ஒரு பரிசாரகரும் பிரகாரத்தில் பிடித்து அளந்தார்கள். தெற்கு இருநூற்றைந்து அடி. வடக்கும் இருநூற்றைந்து அடி. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவன் ஓர் அங்குலம் பிசகவில்லை.

துரை செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பாளையங்கோட்டையில் இறங்கும்போது சொன்னார்: “உமது ஆராய்ச்சி கோயிலைப் பற்றியதல்ல, ஒரு அம்மாளின் பாதத்தைப் பற்றியது. எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் நீர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்.”

இடம் கிடைக்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை, அவர் சொன்னது நியாயம். அப்பாதான் கொஞ்ச நாள் ஆராதனை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசாமல் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார். நான் ராதாபுரம் பக்கம் திரும்பிப் போய், முப்பது வருஷம் பாலம் கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

ஆனால் கதை எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. தைக்கக் கொடுத்த சட்டை குட்டையாக வந்தாலும் சரி, படி அரிசியில் சோறு குறைந்தாலும் சரி, “வடக்குப் பக்கம் கோமதியம்மா நடந்திருப்பா” என்று யாராவது சொல்வார்கள், வீடே சிரிக்கும். என் பிள்ளைகளுக்குக் கோமதியம்மா யார் என்றே தெரியாது, ஆனால் வசனம் தெரியும்.

என் மகள் கல்யாணத்துக்குப் பிள்ளைவாள் மனைவியோடு வந்திருந்தார். (சமைத்தது எதையும் தொடவில்லை. ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார்கள். அந்நாளில் அதுவே பெரிய காரியம்.) என் இளைய மகன், எதிரில் இருப்பது யாரென்று தெரியாமல், பந்தலில் ஏதோ ஒரு கால் குட்டையாக இருந்ததற்கு அந்த வசனத்தை எடுத்துவிட்டான். எல்லோரும் சிரித்தோம். பிறகு சட்டென்று நிறுத்தினோம்.

கோமதியம்மா என்ன விஷயம் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். அத்தனை வருஷமும் பிள்ளைவாள் அவரிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“அளக்கதுக்குன்னு இவுக சொல்லலையே” என்றார். “என்ன நேர்த்தின்னு கேட்டேன். ஓவர்சீரய்யா பம்பாய்க்குப் படிக்கப் போவணும், அதுக்குன்னு சொன்னாக. அதுக்குத்தான் நடந்தேன். கல்லு பொசுக்கிட்டு. ஆனா ஒரு அடி எட்டி வைக்கல, பாத்துக்கிடுங்க.”

நான் இன்னொரு பழத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இன்றும் ஏதாவது அளவு இடித்தால் அதே வசனம்தான். வடக்குப் பக்கம் கோமதியம்மா நடந்திருப்பா என்று ஒருவர் ஆரம்பிப்பார். முன்பெல்லாம் அதோடு முடிந்துவிடும். இப்போது இன்னொருவர், “ஆனா ஒரு அடி எட்டி வைக்கல” என்று சொன்ன பிறகுதான் சிரிக்கிறோம்.