அலாஸ்காவில் கடித்த முறுக்கு

சத்தம் போடாதீர்கள் என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு உடனே பசிக்கும். தியான வகுப்பில் இப்படித்தான் மானம் போனது. ஆனால் அலாஸ்காவில் போனது என் மானம் மட்டுமல்ல, என் வீட்டுக்காரரின் பல வருடக் கனவும்.

அவர் மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கப்பல்களையே பார்த்தவருக்கு ஒரே ஓர் ஆசை: பனிமலை உடைந்து கடலில் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மகள் கவிதா எங்கள் இருவரையும் அழைத்துப் போனாள்.

சுற்றுலாப் படகின் மேல்தளத்தில் எல்லாரும் முன்கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். நான் மட்டும் பின்னால் பெஞ்சில். மூன்று சுவெட்டருக்கு மேல் ஒரு கோட்டு. நடமாடும் மெத்தை மாதிரி இருந்தேன். கோட்டுப் பையில் நானே சுட்ட முறுக்கு. (கொஞ்சம் கெட்டி. கொஞ்சம் என்பது என் கருத்து. எங்கள் பல் டாக்டரின் கருத்து வேறு.)

பனிச்சுவருக்கு எதிரே படகு நின்றது. மிதக்கும் பனிக்கட்டிகளில் படுத்திருந்த கடல்நாய்கள் எங்களை வேடிக்கை பார்த்தன. கேப்டன் எஞ்சினை அணைத்துவிட்டு, யாரும் பேசவேண்டாம், ‘சடார்’ என்று சத்தம் வரும் பக்கம் பாருங்கள், அங்கேதான் உடையும் என்று மைக்கில் சொன்னார்.

படகே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பசித்தது.

முறுக்கை வாயில் வைத்து மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினேன்.

சடார்!

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கேமராக்களும் திரும்பின. எல்லாரும் பனிமலைக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த நொடியில், மாடிவீடு அளவு பனி சரிந்து கடலில் விழுந்தது. அதை முழுசாகப் பார்த்த ஒரே ஆள் நான்தான். வாயில் முறுக்கு இருந்ததால் சொல்லவும் முடியவில்லை.

அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அலைதான் மிச்சம். கடல்நாய்கள்கூடத் தண்ணீருக்குள் நழுவிவிட்டன.

“ஐயோ அம்மா! வீடியோ ஃபுல்லா உங்க வாய்தான் லா இருக்கு!” என்றாள் கவிதா.

“மெதுவாத்தான்டி கடிச்சேன்.”

வீட்டுக்காரர் அந்த அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“இன்னும் இருக்கா?”

“இருக்குங்க. பசிக்குதா?”

“பசிக்கு இல்ல லா. நீ இன்னொன்னு கடி. இந்தத் தடவ நான் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.”

கடித்தேன். ஒன்றும் விழவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். நான்தான் அழுதேன்.

கிள்ளானுக்கு வந்ததும் கதை வளர்ந்துவிட்டது. அவர் சொல்லும் கதையில், நான் கடித்த அதிர்ச்சியில்தான் பனிமலையே விழுந்தது. போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சொந்தக்காரர்களோடு வாழையிலைச் சாப்பாடு. அப்பளத்தைக் கையில் எடுத்தேன். பேச்சு சட்டென்று நின்றது. மேசையிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே உயரத்தில் ஓடும் மோனோரயில் விழுகிறதா என்று பார்த்தார்கள்.