முப்பத்தெட்டாவது முதல் வகுப்பு

மனிதகுலம் இதுவரை செய்த சேவைகளிலேயே தலையாயது எங்கள் கல்லூரிச் சேவைக் குழு செய்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை, ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் அது நடந்தேறியது. குழுவின் செயலாளரான நானே இதைச் சொல்வது அழகல்ல. வேறு யாரும் சொல்லாததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேருந்தை விட்டு இறங்கியதும் பதாகையை எங்கே கட்டுவது என்று முக்கால் மணி நேரம் ஆலோசனை நடந்தது. ஜன்னல் என்று முடிவானபோது ஒரு சிறுமி குறுக்கே வந்தாள்.

"ஜன்னல்ல வேண்டாம்ணா. பின்னாலேர்ந்து வெளிச்சம் அடிச்சு போட்டோல உங்க மூஞ்சியெல்லாம் கருப்பா விழும். மாடிப்படில கட்டுங்க. எல்லாரும் அங்கதான் கட்டுவாங்க."

அனுபவம் பேசியது. எங்களுக்கு முன் முப்பத்தேழு குழுக்கள் அங்கே தொண்டாற்றியிருந்தன.

பிறகு பரிசளிப்பு. ஆளுக்கொரு பென்சில் பெட்டி. பிள்ளைகள் சொல்லிவைத்ததுபோல் வாய் பிளந்து வியந்துவிட்டு, பெட்டிகளைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினார்கள். அலமாரி முழுக்கப் பென்சில் பெட்டிகள்தான். பென்சில்தான் ஒன்றையும் காணோம்.

அடுத்து "கல்விப் பணி". நான் கரும்பலகையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்தை எழுதித் திரும்புவதற்குள் அத்தனை பேரும் கடைசி எழுத்து வரை ஒப்பித்து முடித்துவிட்டார்கள். என் கற்பிக்கும் திறனை எண்ணி எனக்கே புல்லரித்தது.

அந்தச் சிறுமி மட்டும் கணக்குப் புத்தகத்தை நீட்டினாள்.

"அண்ணா, அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு விடுதிப் பள்ளிக்கூடத்து நுழைவுத் தேர்வு. பின்னக் கணக்கு வரவே மாட்டேங்குது. சொல்லித் தர்றீங்களா?"

"நிகழ்ச்சி நிரல்ல பின்னம் இல்லையேம்மா."

"வர்றவங்க எல்லாரும் முதல் பாடமே நடத்துறீங்க. ரெண்டாவது பாடத்துக்கு யாருமே வர்றதில்லையே?"

எங்கள் குழுவில் முதலாண்டு மாணவி ஒருத்தி உண்டு. கண்ணாடி என்று கூப்பிடுவோம். சேவையின் இலக்கணம் அறியாத அவள், சிறுமியோடு மூலையில் உட்கார்ந்து சொல்லித்தர ஆரம்பித்துவிட்டாள். கீழே ஒரே எண் உள்ள பின்னங்களைக் கூட்டி முடித்தபோது மணி இரண்டு. "குரூப் போட்டோ!" என்று நான் அலறினேன்.

சிறுமி பேருந்து வரை ஓடிவந்தாள். "அக்கா, கீழ வேற வேற நம்பர் இருந்தா என்ன பண்றது?"

"நாளைக்குச் சாயங்காலம் வந்து சொல்லித் தர்றேன்டா" என்றாள் கண்ணாடி.

பேருந்தில் ஏறியதும் விதியை எடுத்துச் சொன்னேன். ஒரே இல்லத்துக்கு இரண்டாம் முறை போனால் அது சேவையில் சேராது.

"சேராட்டி போகுது. நான் போறேன்."

"நீ மட்டும் மறுபடி போனா, மத்தவங்க எல்லாரும் சும்மா வந்துட்டுப் போனவங்கன்னு ஆகாதா? குழுவோட மானம் என்னாகுறது? போனேன்னா சான்றிதழ்ப் பட்டியல்ல உன் பேரு இருக்காது."

கண்ணாடி அழுதாள். ஆனால் போகவில்லை. கட்டுப்பாடு மிக்க பெண்.

இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வழங்கும் விழா. மேடையருகே காத்திருந்தபோது இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார்.

"தம்பி, புள்ளைக்கு இடம் கிடைக்கல. ரெண்டே மார்க்குல போச்சு. கீழ வேற வேற நம்பர் இருந்த கணக்கை எழுதாம அப்படியே விட்டுட்டு வந்திருக்கா."

"அடுத்த வருஷம் எழுதட்டும்மா."

"வயசு தாண்டிடும்பா. இனிமே எழுத முடியாது."

எனக்கு நெஞ்சை அடைத்தது. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டதும் சரியாகிவிட்டது.

தடித்த தாள், பொன்னிற எழுத்து. 'ஒரு குழந்தையின் எதிர்காலத்தையே மாற்றியவர்' என்று அச்சிட்டிருந்தார்கள். சான்றிதழ்களில் இருப்பதெல்லாம் பொய் என்று சிலர் வயிற்றெரிச்சலில் பேசுகிறார்கள். என்னுடையதை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.