பெயர் நிலவர நிபுணர்

பூங்காவில் ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்கிறார். வார் சரியாகத்தான் இருக்கிறது. குனிந்தபடியே, பிள்ளையைத் தொலைத்துவிட்டவர் மாதிரி ஒரு பெண் பெயரைச் சற்று உரக்கக் கூப்பிடுகிறார். சறுக்குமரத்தின் உச்சியில் ஒரு சிறுமி திரும்புகிறாள், ஊஞ்சலில் இருவர். "மூணு" என்று முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கிறார்.

இவர்தான் பெயர் நிலவர நிபுணர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். யாருக்காவது பெண் குழந்தை பிறக்கும்வரை அவர் இருப்பதே தெரியாது. பிறந்துவிட்டதா? வந்துவிடுவார். பேக்கரிப் பெட்டியில் கேக்குகளின் மேல் க்ரீமில் எழுதிய பெயர்கள், மருந்துக்கடைக்காரர் கூப்பிடும் பெயர்கள், பல் டாக்டர் வாசலில் அம்மாக்கள் அதட்டும் பெயர்கள் என்று எல்லாவற்றையும் மனத்தில் ஏற்றி, சலித்து, புடைத்து, கடைசியில் புயல் எச்சரிக்கை விடுக்கும் தோரணையில் தீர்ப்புச் சொல்வார். "ரெண்டெழுத்துப் பேரெல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சுது." "பூப் பேரு இறங்குமுகம். நதிப் பேரு ஏறுது." ஏறாவிட்டால்? "ஏறும். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்."

எங்கள் வீட்டு நிபுணர் சித்தப்பா.

அக்கா பத்தாம் வகுப்பிலிருந்தே ஒரு பெயரைப் பிறக்கப்போகும் மகளுக்கென்று ஒளித்து வைத்திருந்தாள். மாமாவிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்றே அந்தப் பெயரையும் சொல்லிவிட்டாளாம். குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நர்ஸ் பிறப்புப் பதிவுப் பாரத்தோடு கட்டிலருகே வந்தபோது, அக்கா அதை முதல் தடவையாக எங்கள் எல்லோர் எதிரிலும் உச்சரித்தாள். (இங்கே எழுதமாட்டேன். நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள்.)

சித்தப்பா கண்ணை மூடித் திறந்தார்.

"வேணாம்மா. பள்ளிக்கூடம் சேரும்போது வகுப்புல நாலு பேரு இதே பேருல இருப்பாங்க. எழுதி வச்சுக்கோ."

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்கும் இந்தப் பேர் இல்ல சித்தப்பா."

"அதான் அபாயமே. சத்தமில்லாம இருக்கற பேருதான் திடீர்னு கிளம்பும். அப்புறம் உன் பொண்ணை இனிஷியலோட கூப்பிடணும், கைதி மாதிரி."

"அவளுக்குன்னே வச்சிருந்தேன்," என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

நர்ஸ் பேனாவால் பாரத்தைத் தட்டினார். "குடும்பமா முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்கு இன்னும் பாதி வார்டு பாக்கி இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஜன்னலைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு," என்றேன். அது போதும் என்பதுபோல அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பெயரைச் சொல்லி எழுத வைத்தாள். சித்தப்பா நாலு விரலைக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஐந்து வருடம் கழித்து, பள்ளியின் முதல் நாள். ஆசிரியை பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டார். நான்கு சிறுமிகள் எழுந்து நின்றார்கள். அக்கா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சித்தப்பா தொலைபேசியில் ஒவ்வொரு சொந்தக்காரராகக் கூப்பிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல. சும்மா ஞாபகப்படுத்தறேன்," என்றார். அதற்குப் பிறகு, ஆறு மாதக் கர்ப்பிணிகள் அவர் வீட்டு வாசலில் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

இவ்வளவையும் படித்துக்கொண்டே, 'என்ன பேராக இருக்கும், நதிப் பேரோ?' என்று உள்ளுக்குள் ஒரு பட்டியலை ஓட்டிப் பார்த்தீர்களா? அப்படியானால் அடுத்த தடவை யாருக்காவது குழந்தை பிறக்கும்போது, தயவுசெய்து நீங்கள் வீட்டிலேயே இருங்கள்.

மற்ற மூன்று அம்மாக்களோடு அக்காவுக்குப் பழக்கம் ஏற்பட இரண்டு மாதம் ஆனது. மூவருக்கும் பிரசவம் அதே வாரம், அதே வார்டில். அன்று எங்கள் கட்டிலைவிட்டு எழுந்து போன சித்தப்பா, பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், கதவோரக் கட்டில் மூன்றிலும் நின்று, "இதுவரைக்கும் யாருமே வைக்காத பேரு ஒண்ணு இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்.